காசோலைப் புத்தகம் முழுக்க என் கையெழுத்து

பிள்ளைகளே,

வியாழக்கிழமைகளில் மாமா ஏன் பில்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார், தேத்தண்ணி ஆறும்வரை நான் ஏன் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன் என்று நீங்கள் இருவரும் கேட்டுச் சிரிப்பீர்கள். அப்பாவுக்கு மாமாவில் நம்பிக்கை இல்லை என்று சின்னவள் ஒருநாள் சொல்லியும் விட்டாள். அப்படியில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை நான்தான் எழுதவேண்டும்.

மாமா என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். எண்பதுகளின் நடுவில் நான் லண்டனில் வந்து இறங்கியபோது என்னை ஏற்ற வந்தவர். குளிரில் நான் நடுங்கியதைப் பார்த்துத் தன் கோட்டைக் கழற்றித் தந்துவிட்டு, கார் வரைக்கும் வெறும் சட்டையோடு நடந்தார். பிளேஸ்டோவில் அவருடைய வீட்டு முன்னறையில் இரண்டு வருடம் இருந்தேன். வாடகை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அப்படிப்பட்டவர் ஒன்றைச் செய் என்றால், ஏன் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சபை ஒரு ஆங்கிலத் தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு பின்னேரங்களில் கூடியது. காணிக்கை கொஞ்சம் சேர, புதிதாக வந்த குடும்பங்களுக்குப் போர்வை, பாத்திரம் என்று உதவத் தொடங்கினோம். பிறகு முறைப்படி சாரிட்டியாகப் பதிந்து, யாப்பு என்கிற சட்டதிட்டங்களும் எழுதினோம். அதில் ஒரு விதி, எந்தச் செக்கிலும் இரண்டு டிரஸ்டிகள் கையெழுத்துப் போடவேண்டும் என்பது. அத்தான் பொருளாளர். இரண்டாவது கையெழுத்துக்கு என்னைப் பிரேரித்தவரும் அவர்தான். கிட்ட இருக்கிறவன், கூப்பிட்டால் வருவான் என்று காரணம் சொன்னார். வேறு தகுதி எனக்கு இருக்கவுமில்லை.

நாங்கள் வால்தம்ஸ்டோவுக்கு வீடு மாறியதும் அந்தத் தகுதியும் போய்விட்டது. எனக்கோ மாறி மாறி ஷிப்ட். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அத்தான் புதுச் செக் புத்தகத்தைக் காரின் மேல் விரித்து வைத்தார்.

“எல்லாத்திலயும் போட்டுவிடு. ஒவ்வொருக்காலும் உன்னைத் தேடித் திரிய ஏலாது.”

போட்டேன். மாட்டேன் என்றால், அவரைக் கள்ளன் என்று சொன்னதாகிவிடும். கை உளைந்து, கடைசிக் கையெழுத்துகள் கோழி கிளறியதுபோல் இருந்தன. புத்தகம் முடிய முடிய இப்படியே நடந்தது. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பென்னிகூடப் பிழையாகப் போகவில்லை.

அப்போதுதான் என் தங்கையின் கல்யாணத்துக்கு ரொறன்ரோ போனேன். எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் அறிவித்தல் தாள் ஒன்று கொடுப்போம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். கனடாவுக்குப் பயணம் போயிருக்கும் நம் டிரஸ்டி சகோதரருக்காக ஜெபியுங்கள் என்று மூன்று கிழமை தொடர்ந்து அதில் போட்டார்கள். தாள்கள் மண்டப வாசலில் கிடக்கும். யார் எடுத்துப் படிக்கிறார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை.

படித்தவர் ஒருவர் இருந்தார். அந்த ஆங்கிலச் சபையைச் சேர்ந்த, வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர். எங்கள் வாடகைச் செக்கை வங்கியில் போடுபவரும் அவர், வருட முடிவில் எங்கள் கணக்கைப் பார்த்துத் தருபவரும் அவர். அந்த வருடக் கூட்டத்தில் எங்கள் சபைப் போதகர், அத்தான், நான் மூவரும் அவர் முன்னால் இருந்தோம். கணக்கு மிகச் சுத்தம் என்று அத்தானைப் பாராட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் கனடாவில் இருந்தபோது நானும் உங்களுக்காக ஜெபித்தேன், அதே கிழமை எழுதின செக்கில் உங்கள் கையெழுத்தும் இருந்தது, அது எப்படி என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தான் என் பக்கம் பார்க்காமலே, எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் முணுமுணுத்தார்: “போறதுக்கு முன்னம் அது ஒண்டிலதான் போட்டனான் எண்டு சொல்லு.”

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோட்டுத் தந்த மனிதர் போதகருக்கு முன்னால் தலைகுனியவேண்டும். பொய்யைச் சொன்னால், அதைக் கேட்கப்போகிறவர் எனக்காக ஜெபித்தவர். புத்தகம் முழுக்கப் போட்டேன் சேர், காரின் மேல் வைத்துப் போட்டேன் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். யார் போடச் சொன்னது என்று சொல்லவில்லை. போட்டது என் கைதானே.

பெரியவர் கோபிக்கவில்லை. இதை அறிக்கையில் ஒரு வரி எழுதவேண்டி வரும், மிச்சமுள்ள செக்குகளைக் கிழிக்காமல், செல்லாதபடி குறுக்கே கோடு கீறி வையுங்கள் என்றார். நாளைக்கு யாராவது பொருளாளரை நோக்கி விரல் நீட்டினால் பக்கத்தில் நிற்க இன்னொருவர் வேண்டும், அதற்குத்தான் இரண்டு கையெழுத்து என்றும் சொன்னார். போதகர் வழமையைவிட நீளமாக ஜெபித்தார்.

அத்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். எங்கள் வீதி முனையில் நிறுத்தி, “போதகருக்கு முன்னால என்னை நாறடிச்சுப் போட்டாய்” என்றார். நான் இறங்கிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் மண்டபத்தின் மறுகரையில் போய் இருந்தார். அக்கா ஃபோன் எடுத்து உங்கள் அம்மாவோடு மட்டும் கதைத்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எதுக்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மூன்றாம் கிழமை வியாழன் பின்னேரம் அத்தான் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றார். கையில் ஒரு கட்டுப் பில்லும், பழையதும் புதியதுமாக இரண்டு செக் புத்தகங்களும்.

“இந்தா. வாசிச்சுப் போட்டுக் கையெழுத்துப் போடு. வாசிக்காமல் போட்டியெண்டால் நான் கொண்டுபோகமாட்டன்.”

குத்திக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். இரண்டாவது பில்லில் நின்றேன்.

“அத்தான், பில்லில அறுபத்துமூண்டு எண்டு கிடக்கு. நீங்கள் செக்கில முப்பத்தாறு எண்டு எழுதியிருக்கிறியள்.”

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அப்ப உன்னை வைச்சிருக்கிறதிலயும் ஒரு பிரயோசனம் இருக்கு” என்றார்.

அன்று அம்மா சுட்ட தோசையில் ஐந்து சாப்பிட்டார். போகும்போது பழைய புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டு, கீறுகிற வேலையை நீயே பார், உன்ரை கையெழுத்துத்தானே என்றார்.

கார் போன பிறகு குசினி மேசையில் தனியே இருந்தேன். ஏழு செக் மிச்சம் இருந்தது, ஏழிலும் அந்தக் கோழிக் கிளறல். மூத்தவனுடைய பள்ளிப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் இரண்டு கோடு நேராகக் கீறினேன். மை காய்ந்ததும் புத்தகத்தை மூடி, அடிமட்டத்தைத் துடைத்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.