கைலிக்குள் நாற்பத்தொரு புள்ளிகள்

மஜெனே மீன் இறங்குதுறைக்குப் பின்னால், ஐஸ் உடைக்கும் கொட்டகையை ஒட்டி ஹத்ராவின் கடை. இருபத்திரண்டு வருடமாகப் படகுகளின் ரேடியோவையும் மீன் காட்டும் கருவிகளையும் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவள். வருகிறவர்கள் சொல்லும் கதையை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. "தண்ணியே படல" என்று சத்தியம் செய்தவனின் ரேடியோவிலிருந்து ஒரு நண்டு விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் நம்புவது மேசைமேல் இருக்கும் பவர் சப்ளையை மட்டும்தான். அதில் இரண்டு சிவப்பு எண்கள், ஒன்று வோல்ட், மற்றது ஆம்ப். ஆம்ப் எண் அவளிடம் பொய் சொன்னதில்லை. மாப்பிள்ளை பார்க்கவும் அப்படி ஒரு மீட்டர் இருந்திருந்தால் முதல் புருஷனைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவள் கருத்து.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் புங்காவா மஹ்யுதீன் வந்தார். புங்காவா என்றால் படகுத் தலைவர்; அவருடையது பதினோரு ஆள் போகும் படகு. கைலியில் சுற்றிய ஜிபிஎஸ் பெட்டியை மேசையில் வைத்தார்.

"திரையை யாரும் பாக்கக் கூடாது. நீயும்தான்."

"பாக்காம எப்படி புங்காவா ரிப்பேர் பண்றது?"

"அது உன் கஷ்டம்."

ரேடியோவை வாங்கிப்போக வந்து காப்பியோடு உட்கார்ந்திருந்த இன்னொரு படகின் புங்காவா, ஹாஜி தஹ்லான், சிரித்தார். "என்னப்பா, புதுப்பொண்ணுக்கு முக்காடு போட்ட மாதிரி கொண்டாந்திருக்க?"

மஹ்யுதீன் கைலியை இன்னும் இழுத்து மூடினார். பெட்டிக்குள் நாற்பத்தொரு புள்ளிகள் இருந்தன. ஆழ்கடலில் மீன் கூடுவதற்காக அவர் நங்கூரமிட்டுக் கட்டிய மூங்கில் மிதவைகள் நிற்கும் இடங்கள் அவை. எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோ அவர் மண்டையில் நிற்காது. பெட்டி செத்தால் பதினோரு குடும்பத்துக்கும் கடல் வெறும் தண்ணீர்.

ஹத்ரா பின்பக்கத்தைத் திறந்தாள். பிளஸில் இருக்கவேண்டிய சிவப்புக் கம்பி மைனஸில் இருந்தது.

"இதை யார் மாத்தினது?"

"நான்தான். எவனாவது திருடிட்டுப் போய் சிவப்பை சிவப்புல சொருகினா எரியட்டும்னு."

"சரி, எந்தத் திருடன் சொருகினான்?"

மஹ்யுதீன் கூரையைப் பார்த்தார். "லீவுல மறந்துட்டேன்."

ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் சுருட்டி வைத்திருந்தது. அந்தத் துறையில் வெள்ளித்தாள் இல்லாத படகை அவள் இன்னும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வோல்ட் வைத்து, அரை ஆம்புக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திவிட்டு இணைத்தாள். வோல்ட் எண் பொத்தென்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆம்ப் அரையிலேயே முட்டி நின்றது. ஷார்ட். உள்ளே ஏதோ ஒன்று கரண்ட் முழுவதையும் குடித்துக்கொண்டிருந்தது. வோல்ட்டை ஒன்றுக்கு இறக்கி, ஆம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். பிறகு சர்க்யூட் பலகையைத் தூக்கி மேலுதட்டுக்கு அருகே வைத்து மெல்ல நகர்த்தினாள். கரண்டைக் குடிக்கும் பாகம் சுடும்; சூட்டை விரலைவிட உதடு சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

"முத்தம் குடுத்தா கூலி கூடுமா?" என்றார் ஹாஜி.

"உங்க ரேடியோவுக்கும் குடுத்தேன். உப்புக் கரிச்சுது."

கரண்ட் நுழையும் வாசலிலேயே காவல் நிற்கும் டயோடு சுட்டது. தலைகீழாக வந்த கரண்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு செத்திருந்தது. அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தாள். பலகையைப் பெட்டிக்குள் பொருத்தி மறுபடி பன்னிரண்டு வோல்ட் கொடுத்தபோது ஆம்ப் 0.08, பிறகு 0.31, 0.36. கைலிக்குள் 'பீப்' என்றது.

மஹ்யுதீன் கைலிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"புள்ளியெல்லாம் இருக்கா?" என்றாள் ஹத்ரா.

தலை வெளியே வந்தது. "போச்சு. ஒண்ணுகூட இல்ல."

ஹத்ரா சால்டரிங் அயர்னைப் பார்த்தாள். சூட்டை அதிகம் காட்டிவிட்டேனோ? பதினோரு வீட்டுப் பெண்களின் முகமும் வரிசையாக வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

ஹாஜி காப்பியைக் கீழே வைத்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. "மஹ்யுதீன், எங்கிட்ட ஒரு இடம் இருக்கு. நல்ல இடம். மூணு வருஷமா என் அடுப்பு அதுலதான் எரியுது. நீயும் போ." சிகரெட் அட்டையில் எண்களை எழுதி நீட்டினார்.

மஹ்யுதீன் அட்டையோடு மறுபடி கைலிக்குள் போனார்.

ஆம்ப் 0.41 ஆனது. 0.36. மறுபடி 0.41. பட்டனை அழுத்த அழுத்த எண் ஏறி இறங்கியது. ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் விரல். ஹத்ரா எண்ணினாள். பதினேழாவதில் நின்றது. காலிப் பெட்டியில் தள்ளிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அழுகை போய் அவளுக்குக் கோபம் வந்தது.

மஹ்யுதீன் வெளியே வந்தபோது கன்னமெல்லாம் ஈரம். "பெரிய மனசு ஹாஜி." ஹாஜி அவரைக் கட்டி அணைத்து முதுகில் தட்டிவிட்டு, தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"பொய்தானே சொன்னீங்க? எல்லாம் இருக்கு," என்றாள் ஹத்ரா.

"மெதுவா பேசு. பெட்டியில இருக்குன்னு தெரிஞ்சா ராத்திரியே திருடிடுவானுங்க." அட்டையை அவள் முன் வைத்தார். "இது என்னோட பதினேழாவது. நான் கட்டின மிதவை. மூணு வருஷமா மீனே ஒதுங்கலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அப்ப அந்த மனுஷன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கவேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறது?" என்றார் மஹ்யுதீன். "எனக்குத்தான் எல்லாம் போச்சே."