ஏறியதா என்று பார்த்தவள்

ஆய்வகத்தில் "மீட்டர்" என்றால் அவள்தான். அப்பா கார் பேட்டரிக் கடைக்காரர். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு பேட்டரியையும் கடைவாசல் தாண்ட விடமாட்டார். அந்தப் பழக்கம் மகளையும் தொற்றிக்கொண்டது. பட்டங்கள் வாங்கியும் போகவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி வருகிறவள் அவள்.

இங்கே அவள் கையாண்டது குவாண்டம் பேட்டரி. நகத்தளவு சில்லு, கடுங்குளிர் உருளைக்குள் கிடக்கும். ஒரு நுண்ணலைத் துடிப்பால் ஆற்றலை ஏற்றி, இன்னொன்றால் இறக்குவார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது முடிவாகாமல் இருக்கும்வரைதான் அது வேகமாக ஏறும், நன்றாக இறங்கும். நடுவில் எட்டிப் பார்த்தால் கலைந்துவிடும், பாதிகூடத் தேறாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பவளே அவள்தான்.

வந்த நாள்முதல் தற்காலிக வேலை. மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் பேட்டரி சரியாக நடந்துகொண்டால் நிரந்தரம். இல்லையென்றால் ஆய்வே நிறுத்தம்.

குழு வரும் நாள் காலை அப்பா போனில் சொன்னார்: "பாக்காம எதையும் குடுத்துராதம்மா."

முந்தின நாள் ஏற்றம் கொஞ்சம் தடுமாறியிருந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவே, பூப்போலத் தொட்டுப் பார்க்கும் துடிப்பு ஒன்றைச் செருகினாள். இவ்வளவு லேசாகத் தொட்டால் என்ன ஆகிவிடும்?

குழு வந்தது. திரையில் எண்கள் சரிந்தன.

"நடுவுல என்னத்த வச்ச?" ஆய்வகத் தலைவர் பல்லைக் கடித்தார்.

"லேசாத்தான் சார் பாத்தேன். ஏறிச்சான்னு..."

"லேசாவாம்! ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற மகராசி!"

துடிப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எண்கள் ஜம்மென்று ஏறின. அவளுக்கு மூச்சு வந்தது. குழுத்தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல அப்படி, இப்ப இப்படி. எதம்மா நாங்க நம்புறது?"

அவள் விளக்கினாள். அளந்ததால்தான் குறைந்தது, அளக்காவிட்டால் குறையாது என்றாள். சொல்லச் சொல்ல, அப்பா கடையில் ஏமாற்ற வந்த வியாபாரிகளின் பேச்சு மாதிரியே அவள் காதுக்குக் கேட்டது. குழுத்தலைவி கைப்பையை மூடினார்.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்னம்மா, பாத்துட்டுத்தான குடுத்த?"

"ஆமாப்பா," என்றாள். "பாத்துட்டுத்தான் குடுத்தேன்."