பேச முடியாது என்பதைப் போனில் சொல்லவும்

குவைத்தில், மங்காஃபில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எனக்குப் பெரிய குரல். எட்டாம் வகுப்பு பி-யில் நான் பாடம் நடத்தினால் பக்கத்து சி-க்கும் சேர்த்து நடத்தின மாதிரிதான். சி-யில் கம்ப்யூட்டர் எடுக்கும் மிஸ் ஒருநாள், "உங்க புண்ணியத்துல எனக்கே இப்ப அல்ஜீப்ரா வருது" என்றார். அதை நான் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் பீரியடில் போனது. "மைனஸ் இன்டு மைனஸ்" என்று சொன்னேன். அடுத்து வர வேண்டிய "ப்ளஸ்" வரவில்லை. வெறும் காற்று வந்தது. திரும்பவும் முயன்றேன். அதே காற்று. நான் ஏதோ புது மாதிரிக் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் முடிச்சு. சின்ன ஆபரேஷன். அதற்குப் பிறகு மூன்று மாதம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அப்புறம்தான் பயிற்சி என்றார். "சரி டாக்டர்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் கணவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு இன்சூரன்ஸ் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. உடம்புக்கு முடியாமல் வேலை செய்ய இயலாது போனால், குணமாகும்வரை சம்பளத்தில் ஒரு பகுதியை மாசாமாசம் தருவார்கள். பாரத்தின் தலைப்பில் 'இயலாமை' என்று இருந்தது. அதைப் பார்த்து இரண்டு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். கை கால் நன்றாக இருக்கிறது, வீடு துடைக்கிறேன், மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். எனக்கென்ன இயலாமை என்று ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் நீட்டினேன்.

"உன் வேலைய நீ கையாலயா பாத்த, காலாலயா பாத்த? தொண்டையாலதான பாத்த. போடு கையெழுத்த" என்றார் அவர். அஹ்மதியில் ஒரு கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். பாரம் என்றால் அவருக்கு உயிர். மூன்று நகல் எடுத்து, மூன்று ஃபைலில் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து முதல் மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் மாதம் ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"வணக்கம் டீச்சர். இன்சூரன்சில இருந்து கதைக்கிறன். உங்களுக்கு இன்னும் குரல் வரேல்லையோ?"

யாழ்ப்பாணத் தமிழ், மரியாதையான குரல். நான் என்ன செய்வது. தோசைத் திருப்பியால் போனைத் தட்டினேன்.

"ஹலோ? டீச்சர்? லைன் சரியில்லைப் போல." வைத்துவிட்டார்.

இப்படி மூன்று தடவை. மத்தியானம் மெசேஜ் வந்தது. பயனாளியைத் தொடர்புகொள்ள முடியவில்லை, எனவே தொகை நிறுத்திவைக்கப்படுகிறது.

சாயங்காலம் கணவர் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டு அந்த இன்சூரன்ஸ்காரரையே கூப்பிட்டார். "சார், பேச முடியலன்னுதான நீங்க பணமே தாரீங்க?"

"ஓம் சேர், எனக்கு விளங்குது. ஆனா மாசாமாசம் தொடர்ந்து குடுக்கிறதெண்டால், டீச்சரே தன்ர குரலில உறுதிப்படுத்தோணும். ரெக்கோர்டிங்கில இருக்கோணும்."

"அவ பேசிட்டான்னா?"

"குணமாகிட்டா எண்டு நிப்பாட்டுவம்."

"பேசலன்னா?"

"தொடர்பு கிடைக்கேல்லை எண்டு நிப்பாட்டுவம்."

பிறகு அவரே தாழ்ந்த குரலில், "நானும் மேல கேட்டனான் சேர். அவை யோசிக்கினம்" என்றார்.

மேலே யோசித்து முடிப்பதற்குள் அவரே ஒரு வழி சொன்னார். அவர் கேட்பார், நான் தட்ட வேண்டும். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. கணவர் லீவில் இருந்த ஒரு திங்கட்கிழமை மதியம் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாகப் போன் முன்னால் உட்கார்ந்தேன். பேச முடிகிறதா என்று கேட்டார், இரண்டு தட்டு. மருந்து சாப்பிடுகிறீர்களா, ஒரு தட்டு. எல்லாம் அழகாகப் போனது. அப்புறம் அவர் என் சிவில் ஐடி நம்பரைக் கேட்டார்.

பன்னிரண்டு இலக்கம். அதில் நாலு பூஜ்யம். ஏழைத் தட்டலாம், ஒன்பதைக்கூடத் தட்டலாம். பூஜ்யத்தை எப்படித் தட்டுவது? தட்டாமல் இருந்தால் அவர் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார். கணக்கு டீச்சரான நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்க, கணவருக்குத்தான் யோசனை வந்தது. "சார், பூஜ்யத்துக்கு மிக்ஸி போடுறோம்" என்றார். நான் கரண்டியால் தட்டத் தட்ட, பூஜ்யம் வரும்போதெல்லாம் அவர் காலி மிக்ஸியை ஒரு சுற்று விட்டார். ஒன்பதாவது இலக்கத்தில் நான் எண்ணிக்கை தவறிவிட்டதால் முதலில் இருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாம் சுற்று முடியும்போது வாசல் மணி அடித்தது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் எகிப்துக்காரர், எங்கள் ஹாரிஸ், தூக்கக் கலக்கத்தோடு நின்றார். "மத்தியானம் டிரில்லிங் மம்னூ" என்றார். கூடாது என்று அர்த்தம். டிரில்லிங் இல்லை, இன்சூரன்ஸ் என்று கணவர் விளக்கினார். ஹாரிஸ் என்னைப் பார்த்தார், கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார், படி இறங்கினார்.

அவ்வளவு பாடுபட்ட ரெக்கார்டிங்கை மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது. சமையலறைச் சத்தம் அதிகம், பயனாளியின் குரல் கேட்கவில்லை என்று காரணம். நேரில் வரச் சொன்னார்கள்.

குவைத் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் அந்த ஆபீஸ். எங்கள் டோக்கன் நம்பர் வந்ததும் போய் நின்றோம். ஐம்பது வயது இருக்கும் ஒருவர், நரைத்த மீசை, எழுந்து வெளியே வந்தார். போனில் கூப்பிடுகிறவர் இவர்தான் என்று குரலைக் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் குண்டு எழுத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். 'வணக்கம் டீச்சர். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?'

நான் பேனாவை வாங்கிக் கீழே எழுதினேன். 'எனக்குக் காது கேட்கும் சார்.'

படித்துவிட்டு, அதற்குக் கீழே, 'மன்னிக்கோணும்' என்று எழுதினார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

தேத்தண்ணி வந்தது, அவருடைய மேலதிகாரியும் வந்தார். லெபனான்காரப் பெண்மணி, வேகமான நடை. கையில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, "ஹவ் ஆர் யூ, மேடம்?" என்றார். யாராவது அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. வாய் தானாகத் திறந்தது. "ஹா" என்று காற்று வந்தது. அந்த அம்மாள் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுப் புன்னகைத்தார். முயற்சி பதிவாகிவிட்டது, பயனாளியின் சொந்த வாய், விதிக்கு இது போதும், கலாஸ், முடிந்தது என்றார்.

இவ்வளவுதான் விஷயமா என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து மாதத்தில் ஒருநாள் அவர் கூப்பிடுவார். "டீச்சர், ஊதுங்கோ" என்பார். நான் போனில் ஊதுவேன். "நன்றி டீச்சர்" என்று வைத்துவிடுவார். பணம் ஒழுங்காக வந்தது. நாலு மாதம் அப்படி ஓடியது.

குரல் திரும்பினது அடுப்படியில். பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் சில வார்த்தை பேசலாம் என்று அனுமதித்திருந்தாள். முதல் வார்த்தை நல்லதாக இருக்க வேண்டும் என்று மகள் பெயரை நினைத்து வைத்திருந்தேன். ஆனால் பால் பொங்கிவிட்டது. "பாலு" என்று கத்தினேன். கரகரவென்று, அடித்தொண்டையில், எனக்கே தெரியாத குரல். அறையில் இருந்த மகள் ஓடி வந்து, "மம்மி, ஹூ இஸ் தட் அங்கிள்?" என்றாள்.

அந்த மாதம் போன் வந்தபோது ஊதவில்லை. ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று, "சார், எனக்குக் குரல் வந்துட்டு. இனி பணம் அனுப்ப வேண்டாம்" என்றேன்.

"சந்தோசம் சேர். போனை டீச்சரிட்டக் குடுங்கோ."

"நான்தான் சார் டீச்சர்."

"சேர், இது ரெக்கோர்ட் ஆகுது. பகிடி விடாதேங்கோ. டீச்சரை ஊதச் சொல்லுங்கோ."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ஊதினேன். "நன்றி டீச்சர்" என்று வைத்துவிட்டார். அந்த மாதமும் பணம் வந்தது. டாக்டர் சான்றிதழை என் கணவர் மூன்று நகலோடு கொண்டுபோய்க் கொடுத்து, வந்ததைத் திருப்பிக் கட்டி, ரசீது வாங்கி வந்த பிறகுதான் என் இயலாமை முடிவுக்கு வந்தது.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், "ஓப்பன் யுவர் புக்ஸ்" என்றேன். முப்பத்தைந்து தலையும் எனக்குப் பின்னால் நிற்கும் ஆம்பிளையைத் தேடின. பத்து நிமிஷம் பயத்தில் அமைதியாக இருந்தார்கள். பதினோராவது நிமிஷம் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். இனிமேல் கத்தவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் மெதுவாக நடந்துபோய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். அந்தக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் கடல் தெரிகிறது. பதினொரு வருஷத்தில் நான் அவ்வளவு தூரம் போனதே இல்லை.