இரட்டை வண்டிலின் வலது பக்கம்

நிறோஷினிக்குக் கதை கட்டத் தெரியாது. சின்னப் பொய் ஒன்று சொன்னாலே காது சிவந்துபோகும். என் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடிக்கும்வரை நான் அவளுடைய காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. ஆகவே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

டென்மார்க்கில், வைலே நகரத்தின் மேட்டுப் பக்கமாக ஒரு பழைய மாடிக் கட்டடம். அதன் முதலாம் மாடியில் நிறோஷினியும் புருஷன் சுஜனும் இருக்கிறார்கள். நவம்பரில் அவளுக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள், குறைமாதத்தில் பிறந்தன. முதலில் வந்த துவாரகா உயிரோடு வந்தாள். பின்னால் வந்தவள் மூச்சில்லாமல் வந்தாள். "முகத்தைப் பாக்கப் போறீரோ?" என்று சுஜன் கேட்டான். நிறோஷினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடக்கத்துக்கும் அவன் தனியாகத்தான் போனான். பெயர்கூட வைக்கவில்லை.

அதன் பிறகு அவளுக்கு அழுகையும் வரவில்லை. பால் கொடுத்தாள், துடைத்தாள், படுக்க வைத்தாள். எல்லாம் கை செய்த வேலை. பல் பிடுங்கப் போடும் ஊசியை நெஞ்சுக்குள் போட்டமாதிரி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. துவாரகாவோ பாலை இழுக்காள், நிறை ஏறாள். வீட்டுக்கு வந்து நிறுக்கும் தாதி முகத்தைச் சுளித்தாள். "வாற கிழமையும் இப்பிடியெண்டால் ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துவாரகாவுக்கு ஆஸ்பத்திரியில் நூலால் பின்னிய நீல ஒக்டோபஸ் ஒன்று கொடுத்திருந்தார்கள். குறைமாதப் பிள்ளைகள் அதன் காலைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடியைப் பிடித்த ஞாபகத்தில் அமைதியாகக் கிடக்குமாம். சுஜன் அதற்குக் கணவாய் என்று பெயர் வைத்திருந்தான். கறிக்கு ஆகாத கணவாய்.

பிள்ளைகள் பிறக்குமுன் வாங்கிய, இரண்டு பேரைப் பக்கம் பக்கமாகக் கிடத்தித் தள்ளும் இரட்டை வண்டில் அப்படியே இருந்தது. வேறு வாங்க இருவருக்கும் மனம் வரவில்லை. இங்கே பனியென்றாலும் பகல் நித்திரைக்குப் பிள்ளையை வெளியில்தானே விடுவார்கள்? துவாரகாவை இடது பக்கம் கிடத்தி, பட்டி பூட்டி, முற்றத்துச் சுவரோரம் விடுவாள். பிள்ளையின் சத்தம் கேட்கும் கருவியில் ஒரு பாதி வண்டிலில், மற்றப் பாதி மேலே சோபாவில். வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கும்.

கீழ்வீட்டு இடோவு ஒருநாள் வண்டிலை எட்டிப் பார்த்தாள். நைஜீரியாக்காரி, யொரூபா இனத்தவள், ஒண்டோ என்ற ஊர். இருவருக்கும் டேனிஷில்தான் பேச்சு.

"மற்றவள் எங்க?"

நிறோஷினி சொன்னாள். இடோவு வலது பக்கத்து வெறும் மெத்தையைத் தடவினாள்.

"எங்கட ஒண்டோவின்ர முதல் ராசா ஒரு பொம்பிளை, தெரியுமோ? புப்புப்பு எண்டு பேர். இரட்டையில பிறந்தவள். அந்தக் காலத்தில இரட்டை பிறந்தால் கொல்லுறது. அவளின்ர தகப்பன் வேற ஊர் ராசா, அவருக்குத் தன்ர பிள்ளையளைக் கொல்ல மனம் வரேல்லை. தாயோட சேர்த்துக் காட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார் எண்டு சொல்லுவினம். தாய் ரெண்டையும் சுமந்துகொண்டு நடந்தவள். ஒண்டை இறக்கி வைச்சிருந்தால் சுகம். இறக்கேல்லை."

நிறோஷினிக்குக் கோபம்கூட வரவில்லை.

"ஆர் முதல் வந்தது?" இடோவு கேட்டாள்.

"துவாரகா."

"அப்ப அவள்தான் தங்கச்சி. எங்கட வழக்கத்தில அக்காதான் பின்னால வாறவள். உலகம் நல்லதோ எண்டு பாக்கத் தங்கச்சியை முன்னுக்கு அனுப்புவாள். அக்கா செத்தால் நாங்கள் மரத்தில ஒரு பிள்ளை செதுக்குவம். அதையும் குளிப்பாட்டிச் சாப்பாடு குடுப்பம். கவனிக்காமல் விட்டால் மற்றதையும் கூப்பிட்டிடும். பேர் என்ன அவளுக்கு?"

"வைக்கேல்லை."

"வைக்கேல்லையோ... அப்ப அவள் உன்னை விட்டிட்டு எப்பிடிப் போவாள்?"

இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை, இரண்டு நாள் கொட்டிய பனி நின்று, வெயில் எறித்தது. நீலக் கணவாயில் துவாரகா பால் கக்கியிருந்தாள். நிறோஷினி அதைக் கழுவி, காயட்டும் என்று ஹீற்றரில் போட்டாள். ஒரு மணிபோல் பிள்ளையை இடது பக்கம் கிடத்திப் பட்டியைப் பூட்டினாள். இரண்டு கொளுக்கியும் 'டிக்', 'டிக்' என்றதை அவள் கேட்டிருக்கிறாள். மேலே வந்து சோபாவில் சரிந்தாள்.

கருவியில் மூச்சுச் சத்தம். துவாரகாவின் மூச்சு, மெல்லியது.

பிறகு இன்னொன்று.

முதல் மூச்சு முடியும் இடத்தில் அது தொடங்கியது. ஒன்று... மற்றது... ஒன்று... மற்றது. கருவிதான் பழுது என்று நினைத்தாள். எழும்பிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு அசையவில்லை.

2:10. துணி உரசும் சத்தம். எதையோ மெதுவாக இழுப்பதுபோல்... நிறுத்தி, நிறுத்தி...

துவாரகா சிணுங்கினாள்.

"ஷ்ஷ்ஷ்..."

அது பெரியவர்களின் வாய் இல்லை.

பிறகு 'தொம்'.

கருவியின் விளக்கு முழுவதும் சிவப்பு.

ஓடினாள். வெறுங்காலோடு ஓடினாள்.

கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து வண்டிலில் விழுந்திருந்தது. இடது பக்க மூடி நசுங்கிப்போய்க் கிடந்தது. உள்ளே பனி இல்லை, பனிக்கட்டி. நகத்தால் கிண்டினாள். மெத்தை தெரிந்தது. பட்டி தெரிந்தது. இரண்டு கொளுக்கியும் பூட்டியபடியே.

பிள்ளை இல்லை.

வலது பக்கம் ஒரு கொட்டாவி.

துவாரகா அங்கே கிடந்தாள். காயமில்லை. சூடாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், மெத்தையில் இன்னொரு சின்னப் பள்ளம். நிறோஷினி கை வைத்துப் பார்த்தாள்.

அதுவும் சூடு.

முற்றத்துப் பனியில் அவளுடைய தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. இரண்டு மாதப் பிள்ளைக்குப் புரளவும் தெரியாது.

அன்று பின்னேரம் துவாரகா முதல் தடவையாகப் பசியில் வீறிட்டு அழுதாள். பாலை இழுத்து இழுத்துக் குடித்தாள். சுஜன் வேலையால் வந்து, பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அவள் ஒரு மஞ்சள் கணவாயின் காலைப் பிடித்திருந்தாள்.

"இது எங்க எடுத்தனீர்?"

"வண்டிலில இவளின்ர கையில இருந்தது. இடோவு வைச்சிருப்பா."

"இல்லையப்பா." சுஜன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் குந்தினான். "உமக்கு நான் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில ரெண்டு தந்தவை. நீலம் இவளுக்கு. மஞ்சளை நான்தான் மற்றவளின்ர கையுக்குள்ள வைச்சிட்டுப் பெட்டியை மூடினனான்."

நிறோஷினி அதை வாங்கிப் பார்த்தாள். நூலுக்குள் ஈர மண் இருந்தது.

விடிந்ததும் சுஜன் மயானத்துக்கு ஓடினான். சின்னக் கல்லின் மேல் பனி ஒரு குருவியின் கால்கூடப் படாமல் கிடந்ததாம். போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். நிறோஷினி ஹீற்றரில் காய்ந்திருந்த நீலக் கணவாயைக் கையில் எடுத்தாள். நவம்பருக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"அப்ப அங்க அவளின்ர கையில இப்ப ஒண்டும் இல்லையேப்பா" என்றாள்.