எல்லாக் குட்டிக்கும் ஒரே மூடி

கீழ் இமையை இழுத்துப் பார்க்காமல் இவள் யாருக்கும் நாற்காலி போடுவதில்லை. மின்மீட்டர் பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, கட்டைவிரலால் இமையைத் தாழ்த்தி, "வெளுத்துக் கெடக்கே, வயித்துல புழு இருக்கும். மொதல்ல டாக்டரப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த முறை அந்த மனிதர் தெருமுனையில் நின்றபடியே மீட்டரைப் படித்துவிட்டு ஓடியதாகக் கேள்வி. இமைக்காரி என்றால்தான் இவளைத் தெரியும்.

ஆட்டுக்குட்டிகளிடம் பழகிய கை அது. இமையின் உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் அந்தக் குட்டிக்குப் புழு மருந்து தேவையில்லை. வெளுத்திருந்தால், உள்ளே புழு உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது. அந்தக் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எடைக்கருவியில் ஏறுவாள். இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறுவாள். கழித்தல் கணக்கை உதட்டுக்குள்ளேயே போடுவாள். இவள் எடையைத் தெரிந்துகொள்ளத் தவம் கிடந்த ஓரகத்திகளுக்குத் தலை நரைத்துவிட்டது.

எடைக்கு இவ்வளவு என்று கால்நடை டாக்டர் சொன்ன மருந்தை, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கடைவாயோரம் நுழைத்து, குட்டி விழுங்க விழுங்கச் சிறுகச் சிறுகத் தள்ளுவாள். அதன் தலை நேராக இருக்க வேண்டும். அண்ணாத்திப் பிடித்தால் மருந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். "கொறைச்சுக் குடுத்தா புழு பழகிக்கும். கூட்டிக் குடுத்தா குட்டி போயிடும்" என்பாள்.

இத்தனையும் கொழுந்தனுக்குக் கோமாளித்தனம். வைத்திருப்பது தீவனக்கடை, பேச்சைக் கேட்டால் கால்நடைக் கல்லூரியையே கட்டியவன் மாதிரி. அவள் பல் பிடுங்கிக்கொள்ளப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்தான். இமை பார்க்கவில்லை, எடை பார்க்கவில்லை. ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து, மூக்கு வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, புழு மருந்தைப் புட்டி மூடியால் மடக்கென்று ஊற்றிவிட்டான்.

வாயில் பஞ்சோடு திரும்பியவளை வரவேற்றது இருமல். ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் நோஞ்சான் குட்டி, மூக்கில் நுரை தள்ள, கால் நடுங்க நின்றது.

"உங்க வேலையக் கொறைச்சிட்டேன் அண்ணி. எல்லாத்துக்கும் ஒரே மூடி, முடிஞ்சுது!"

பஞ்சைத் துப்பினாள். "உங்கண்ணனுக்கும் உம் பொண்ணுக்கும் ஒரே அளவுல சட்டை தைப்பியா? வாயில்லாத சீவன் தொண்டையில கவுத்து ஊத்தியிருக்கியே, அதென்ன சாக்கடைக் கொழாயா?"

"எதுக்குக் கத்துறீங்க? மருந்துதானே குடுத்தேன், வெஷமா குடுத்தேன்?"

எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. திருடன் வந்தால் நாய் குரைக்கும். உபகாரம் செய்ய வருகிறவனைப் பார்த்துப் பாழாய்ப்போன நாய் வாலை அல்லவா ஆட்டுகிறது!

டாக்டர் வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஊசி போட்டார். "நுரையீரல்ல எறங்கியிருக்கும்மா. பொழைக்கும்னு இப்ப சொல்ல முடியாது."

அவர் போனதும் கொழுந்தன் பிடரியைச் சொறிந்தான். "ஒரு குட்டிதானே அண்ணி, விடுங்க. அதுவும் நோஞ்சான்."

குட்டியை மடியில் கிடத்தியிருந்தவள், எட்டி அவன் கையைப் பிடித்து இழுத்து, அதன் விலாவின்மேல் அழுத்தி வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் மூச்சு கர்கர்ரென்று தட்டுத் தடுமாறி ஓடியது. அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவள் மணிக்கட்டை விடவில்லை.