சொர்க்கவாசல் வரிசை

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் வரிசைக்குள் நுழைந்துவிட்டால், நினைத்த இடத்தில் வெளியே வர முடியாது. இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை, முன்னும் பின்னும் கூட்டம். எனக்குப் பின்னால் அம்மா. முன்னால், தற்செயலாகச் சந்தித்ததாக அம்மா சொன்ன ஒரு மாமியும் அவருடைய மகனும். அவன் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவியாம்மா?" என்று கேட்டார் மாமி.

தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக யோசித்தேன். கட்டைக்கு அடியில் குனிந்தால் புடவை கிழியும். மயங்கி விழுந்தால் அந்தப் பையனே தாங்கிப் பிடிப்பான். உண்மையைச் சொல்லலாம்: எனக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது, தை மாதக் கடைசியில் சேர வேண்டும். ஆனால் அது அம்மாவுக்கே இன்னும் தெரியாது.

"மார்கழில கல்யாணப் பேச்சு எடுக்கப்படாதே, மாமி?" என்றேன்.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். மாமியோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரியாச் சொன்னேடி குழந்தே! இந்தக் காலத்துப் பொண்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியறது?" என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தை பொறந்ததும் ஆத்துக்கே வந்துடறோம்."

"ரங்கா! ரங்கா!" என்று கத்திக்கொண்டு பின்னாலிருந்த கூட்டம் தள்ளியது. மாமியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நானும் நகர்ந்தேன்.