சிவப்பு அம்புகள் போட்ட சுவர்

கட்டட வேலை ஆட்கள் அவளை 'அம்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் பூசாத சுவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எது முடிந்தால் எது தொடங்கும் என்று சிவப்பு சாக்பீஸால் அம்பு அம்பாகப் போட்டுவிடுவாள். ஒவ்வொரு அம்பின் மேலும் நாள் கணக்கு. கூட்டிப் பார்த்து, இருப்பதிலேயே நீளமான வழி எதுவோ, அதுதான் வேலை முடியும் நாள். மற்ற வழிகளில் எவ்வளவு பறந்தாலும் ஒரு நாள்கூடக் குறையாது. பதினோரு வருடச் சூப்பர்வைசர் வேலையில் தேதி தப்பியதே இல்லை. அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

இப்போது வேலை அவள் வீட்டிலேயே. மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை. பன்னிரண்டு நாளில் அவரை அனுப்பிவிடுவார்கள். அதற்குள் முடியாவிட்டால் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவாராம். "தனியா மாடி ஏறாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று இவள் கத்தியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணவன்தான் தூது.

நீளமான வழி பத்து நாள் வந்தது. அப்பாடா என்று உட்காரும்போது டைல்ஸ்காரர் வந்தார்.

"அம்பக்கா, பிடிச்சு நிக்கிற கம்பி எந்த உயரத்துல வருது? அதை முடுக்க அந்த உயரத்துல சுவத்துக்குள்ள கட்டை வச்சப்புறம்தான் டைல்ஸ் ஒட்டணும்."

"அப்பா வந்து நின்னாத்தானே தெரியும்?"

"அவரு எப்ப வருவாரு?"

"எல்லாம் முடிஞ்சாத்தான் வருவேங்கிறாரு."

சொல்லிக்கொண்டே அம்பு போட்டாள். அப்பாவிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து டைல்ஸுக்கு, டைல்ஸிலிருந்து திரும்பவும் அப்பாவுக்கே. கூட்டினால் ஒரு சுற்றுக்குப் பத்து நாள், இன்னொரு சுற்றும் சேர்ந்தால் இருபது, அடுத்ததும் சேர்ந்தால் முப்பது. சுற்றச் சுற்ற நீண்டுகொண்டே போனது. இதில் நீளமான வழி என்று ஒன்று எங்கே இருக்கிறது? டைல்ஸ்காரர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏதாவது ஒரு அம்பை அழித்தாக வேண்டும். அப்பா நிற்கத்தான் வேண்டும், சரி. இங்கேதான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் நிற்க வைக்கிறார்களே!

"நான் போய் அளந்துட்டு வரட்டுமா?" என்றான் கணவன்.

"வேணாம். நானே போறேன்."

வாக்கரைப் பிடித்து நின்றிருந்த அப்பா, டேப்போடு வந்த மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னைப் பார்க்க வந்தியா, அளக்க வந்தியா?"

"பேசாம நேரா நில்லுங்கப்பா." தரையிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியதில் எண் தெரியவில்லை.

அவரே எட்டிப் பார்த்துப் படித்தார். "முப்பத்து மூணு இன்ச்." டேப்பை அவள் சுருட்டும்போது சொன்னார், "வேலை முடியலைன்னாலும் வந்துடறேம்மா."